பெயரைக் குரலில் சொல்ல வேண்டும்

அந்த மாதங்களில் போனை ஓரிடத்தில் வைத்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடிந்ததில்லை. கொள்ளுப்பிட்டியில் நான் வேலைசெய்யும் அலுவலகத்தில் மேசைமேல் போன் இருக்கக்கூடாது. அதனால் அதை மேசை லாச்சிக்குள் வைத்து, லாச்சியைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, பில்களைப் பதியும்போதே குனிந்து குனிந்து பார்ப்பேன். எனக்குக் காதல் என்று பக்கத்து மேசைப் பெண் முடிவுகட்டியிருந்தாள். நானும் மறுக்கவில்லை. மறுப்பதென்றால் விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சொல்வதென்றால் கதைக்க வேண்டும். எனக்கு அதுதான் கஷ்டம்.

நான் திக்கித் திக்கிக் கதைப்பவள். எங்கள் வீட்டில் அதைக் கொன்னை என்பார்கள். லாச்சிக்குள் நான் பார்த்துக்கொண்டிருந்தது, என்னைப்போலக் கதைப்பவர்களுக்காக நானும் நானாவும் போனில் தொடங்கிய ஒரு குழு.

நானா எனக்குச் சொந்தமில்லை. கொட்டாஞ்சேனையில் வீடு, புறக்கோட்டையில் வயர், பல்ப், சுவிட்ச் விற்கும் கடை. பேச்சுப் பயிற்சிக்கு ஓர் ஆஸ்பத்திரி மரவாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தபோது பழக்கம். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நானும் நானா என்றேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். தமிழில் பயிற்சி தந்த பெண் வெளிநாடு போனதும் அந்த வகுப்பு நின்றுபோயிற்று. வேறு ஆள் வரும்வரைக்கும் நாமே ஒருவருக்கொருவர் கதைத்துப் பழகுவோம் என்று நானாதான் குழுவைத் தொடங்கினார். வேறு ஆள் வரவேயில்லை. குழு நிலைத்துவிட்டது.

எல்லோரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம், அவ்வளவு பேர்தான். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை, சிலர் வெளியூர். எழுதுவதற்கு அல்ல, குரலைப் பதிந்து போடுவதற்குத்தான் குழு. வொய்ஸ் போடுவது என்போம். ஒருவர் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றால் நிற்கலாம். யாரும் இடையில் புகுந்து அந்தச் சொல்லை முடித்துக்கொடுக்க மாட்டார்கள். வெளியே உலகத்தில் எல்லோரும் எங்களுக்குச் செய்யும் உதவி அதுதான். குழுவில் அந்த உதவி தடை.

இங்கே அவரவர் சொன்னதை நான் திக்கல் இல்லாமல் எழுதுகிறேன். எங்கே நின்றார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பது அவர்களுடையது.

குழுவில் நாங்கள் எல்லோரும் காத்திருந்து கேட்கும் குரல் ஓர் ஐயாவுடையது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில், மாடி வீட்டில் மனைவியோடு இருப்பவர். நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் வொய்ஸ் போட்டால் பத்து நிமிடத்துக்குக் குறையாது. எந்தக் காட்டில் அளவுச் சங்கிலி பிடித்தார், எந்த வாய்க்காலுக்கு இரண்டு குடும்பங்கள் சண்டை பிடித்தன, எந்தக் கங்காணி வீட்டில் என்ன சாப்பாடு என்று போகும். நடுவில் ஒரு சொல் வராமல் நிற்கும்போது பின்னால் ரயில் போகும் சத்தம் கேட்கும். ரயில் போய் முடிந்த பிறகும் சில நேரம் அந்தச் சொல் வந்திருக்காது.

முதலில் வந்தது குப்பை. ஒரு போயா, பௌர்ணமி விடுமுறை நாள். நான் காலி வீதி பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறேன். ஒரு கை மேலே கம்பியில், மற்றக் கையில் மரக்கறிப் பை. போன் அதிர்ந்துகொண்டேயிருந்தது. இறங்கிப் பார்த்தால் குழுவுக்குள் எங்கெங்கோ நாட்டு எண்கள். வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், இந்த இணைப்பை அழுத்துங்கள், பிறகு சொல்லக் கூசும் படங்கள், வீடியோக்கள். குழுவின் இணைப்பு எப்படியோ வெளியில் சுற்றத் தொடங்கியிருந்தது. நானா கடையைப் பூட்டிவிட்டு மகளோடு பீச்சுக்குப் போயிருந்தார். நான் மரக்கறிப் பையை நடைபாதையில் வைத்துவிட்டு ஒவ்வொன்றாக அழித்தேன். அழிக்க அழிக்க வந்தது. தெஹிவளையிலிருந்து ஒரு பெண் அன்றே விலகினாள். அந்த நேரம் அவளுடைய போன் கணவன் கையில் இருந்திருக்கிறது. நான் பிறகு அவளுக்கு எழுதினேன். பதில் இல்லை.

வாசலுக்குப் பூட்டுப் போட்டோம். இணைப்பு இருந்தாலும் நானோ நானாவோ அனுமதித்தால்தான் உள்ளே வரலாம் என்று ஆக்கினோம். அது போதும் என்று நினைத்தோம்.

இரண்டாவது வந்தது குப்பையைவிட மோசம். யாரோ ஓர் ஆள், பல மாதம் ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே இருந்தவர், ஐயாவின் ஒரு குரலை எடுத்து வெளியே கொண்டுபோய்விட்டார். அதில் அவர் மாட்டிநின்ற இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி, பின்னால் ஒரு மாட்டுப் பொம்மையும் பாட்டும் சேர்த்து யாரோ ஒரு வீடியோ செய்திருந்தார்கள். சனம் பார்த்துச் சிரித்திருக்கிறது. அது சுற்றிச் சுற்றிக் கனடாவில் இருக்கும் ஐயாவின் மகனுடைய போனுக்குப் போய், மகன் அதைத் தகப்பனுக்கே அனுப்பி, இது உங்கட குரலோ என்று கேட்டிருக்கிறார்.

ஐயா குழுவை விட்டுப் போகவில்லை. ஆனால் பல கிழமைகள் வாய் திறக்கவில்லை. அந்தக் கிழமைகளில்தான் நானா விதியை எழுதினார். புதிதாக வருபவர் வந்த அன்றைக்கே ஒரு வொய்ஸ் போட வேண்டும். தன்னுடைய பெயரைக் குரலில் சொல்ல வேண்டும். சொல்லாதவர் அடுத்த நாள் வெளியே.

எனக்கு அந்த விதி பிடிக்கவில்லை. திக்குபவர்களுக்கு எல்லாச் சொல்லிலும் கஷ்டமான சொல் சொந்தப் பெயர். வேறு எந்தச் சொல் வராவிட்டாலும் பக்கத்துச் சொல்லைப் போட்டுத் தப்பலாம். மழை வராவிட்டால் தூறல் என்று சொல்லலாம். பெயருக்குப் பக்கத்துச் சொல் கிடையாது. நானாவுக்கு இது தெரியாதா? அவருடைய பெயரை அவரே சொல்லி நான் இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறேன்.

"தெரிஞ்சிதான் போட்டேன் தங்கச்சி," என்றார். "அது எங்களுக்குக் கஷ்டம். மெஷினுக்கு ஏலவே ஏலாது. கள்ளனுக்குக் குரல் குடுக்கப் பயம். ஐயாட மொகத்த நெனச்சிப் பாருங்க."

ஐயாவின் முகத்தை நினைத்தேன். சரி என்றேன். விதி வந்ததும் ஐயா திரும்பக் கதைக்கத் தொடங்கினார். முதலில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு பழையபடி.

அப்போதுதான் அந்த எண் வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. படத்தில் மஞ்சள் ரோஜா. குப்பை அனுப்புகிறவர்கள் எல்லோரும் வைப்பதுபோல ஒரு ரோஜா. எல்லோருக்கும் ஒரு தரம் வாய்ப்புக் கொடுப்போம் என்று அனுமதித்தோம். அன்று முழுக்கச் சத்தமில்லை. அடுத்த நாள் நானா நீக்கினார். இரண்டு நாள் கழித்துத் திரும்ப அனுமதி கேட்டது. அனுமதித்தோம், மௌனம், நீக்கினோம். மூன்றாம் தரமும் வந்தது, அதையும் நீக்கினோம்.

"இது ஆள் இல்ல, மெஷின்," என்று நானா எழுதினார். "மனுசன் எண்டா ஒருக்கா வெளிய போட்டா ரோசம் வரும்."

எனக்கென்னவோ உறுத்திக்கொண்டேயிருந்தது. அலுவலகத்தில் கணக்குப் பிழைத்தால் எந்தப் பக்கத்தில் பிழை என்று தெரியாமலே ஒரு அரிப்பு இருக்குமே, அப்படி. ஒரு மதியம் ஐயாவின் வொய்ஸை யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்று போனில் தட்டிப் பார்த்தேன். குழுவை நடத்துபவர்களுக்கு அந்தச் செயலி அதைக் காட்டும். குழுவில் ஏழெட்டுப் பேர்தான் அவ்வளவு நீளமாகக் கேட்பவர்கள். அவர்களோடு அந்தப் புள்ளியும் இருந்தது. முந்தியதைப் பார்த்தேன். அது உள்ளே இருந்த நாளில் வந்த வொய்ஸ் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஒரு பையன் தொண்டை செருமிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிறுத்திய வொய்ஸைக்கூடக் கேட்டிருந்தது.

நானாவுக்குச் சொன்னேன். மெஷின் ஏன் ஐயாவின் வாய்க்கால் சண்டையைக் கேட்க வேண்டும்?

"கள்ளனும்தான் கேப்பான்," என்றார். "ஐயாட குரல எடுத்தவனும் கேட்டுக்கிட்டுத்தான் ஈந்தான்." இருந்தான் அவருக்கு ஈந்தான், இருக்கு அவருக்கு ஈக்கி.

அன்று பின்னேரம் கடற்கரைப் பக்கம் நடந்தேன், திரும்பி வந்தேன், சோறு வைத்தேன், ரைஸ் குக்கரின் சுவிட்சைப் போட மறந்தேன். ஒருபக்கம் நல்ல மனுசர் ஒருவரை நாங்கள் திரும்பத் திரும்பக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறோமோ என்ற பயம். மறுபக்கம், நான் வாசலைத் திறந்துவிட, ஐயாவின் இன்னொரு குரல் மாட்டுப் பொம்மையோடு கனடா போய்ச் சேருமோ என்ற பயம். இரண்டும் ஒன்றையொன்று தின்று முடிக்காமல் எனக்குள்ளேயே கிடந்தன.

அதே காலத்தில் ஒரு இளைஞர் சேர்ந்தார். சேர்ந்த அரை மணித்தியாலத்துக்குள் வொய்ஸ் போட்டார். பெயர் சொன்னார். முதல் எழுத்தை மூன்று நான்கு தரம் திக்கிச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானம், நேர்முகப் பரீட்சையில் எழுந்து வந்தது என்று உருக்கமாகச் சொல்லி, உங்களைக் கண்டது என் பாக்கியம் என்று முடித்தார். எல்லோரும் வரவேற்றோம். நானா ரோஜாப் பூ, இதயம் எல்லாம் போட்டார். இரண்டு கிழமைக்குள் அந்த இளைஞர் குழுவில் இருந்தவர்களுக்குத் தனித்தனியாக எழுதத் தொடங்கியிருந்தார். நாக்கின் கீழ் தடவினால் திக்கல் போய்விடும் என்று ஒரு எண்ணெய். தனக்கே அதனால்தான் இவ்வளவு சரிவந்ததாம். வாங்கியவர்களில் ஒரு பெண் வாய் வெந்து, கஞ்சி குடித்துக்கொண்டு இருந்தாள். அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

நானா அந்த ஆளை நீக்கினார். அன்று மாலை எனக்கு எழுதாமல், நேராக என் எண்ணுக்குப் போன் எடுத்தார். நாங்கள் இருவரும் யாருக்கும் போன் எடுப்பவர்கள் அல்ல. நான் வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கி வீட்டுப் பக்கம் கடந்துகொண்டிருந்தேன்.

அவன் திக்கினது நடிப்பு, என்றார். எழுத்தெழுத்தாக உடைத்துச் சொன்னான், அதுதான் திக்கல் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எங்களுக்குச் சொல் உடைவதைவிட நின்றுபோவதுதான் அதிகம். அது தனக்கு அன்றே ஏன் தெரியாமல் போயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டார். நான் அவரை ஆற்றப் போகவில்லை. வேறு ஒன்றைச் சொன்னேன்.

"நானா, எங்கட விதி பொய்க்காரனை உள்ளுக்கு விட்டிட்டுது. அந்தப் புள்ளிக்கு ஒருக்கா நீங்கள் போன் எடுத்துக் கதைச்சுப் பாருங்கோவன்."

அந்தப் பக்கம் புறக்கோட்டைச் சத்தம், லொறி ஹோர்ன். "நீங்க எடுங்களேன்," என்றார்.

எனக்குப் போன் என்றால் கை வியர்க்கும் என்று அவருக்குத் தெரியும்.

"சரி. நான் எடுக்கிறேன்," என்றார்.

எடுப்பதற்கு முன்னால் நான் அந்த எண்ணுக்கு எழுதினேன். நாங்கள் யார், எதற்காக நீக்கினோம், உங்களுக்கு ஒருவர் போன் எடுப்பார், பெயர் சொல்லத் தேவையில்லை, விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடலாம். பிறகு தமிழை ஆங்கில எழுத்தில் போட்டு ஒரு வரி வந்தது: பேர்தான் வராது, மற்றதெல்லாம் பார்க்கலாம்.

அடுத்த நாள் மத்தியானம் நானா திரும்ப எனக்குப் போன் எடுத்தார். நான் அலுவலகப் படிக்கட்டில் நின்று கேட்டேன்.

"எடுத்தேன் தங்கச்சி. அவங்க எடுத்தாங்க. எனக்கு ஹலோ வரல்ல. கடையில ஆள் ஈக்கி, கவுண்டர்ல ரெண்டு பேர் என்னயப் பாத்துக்கிட்டு ஈக்கிறாங்க. அந்தப் பக்கமும் சத்தம் இல்ல."

"பிறகு?"

"லைன் கட்டாகிட்டு எண்டு நெனச்சி வைக்கப் போனேன். அப்பதான் வெளங்கின. மூச்சுக் கேக்குது. சொல் தொண்டயில நிக்கிற நேரம் வருமே, அந்த மூச்சு. அந்த எண்ணெய்க்காரனுக்கு அது வரல்ல. அத நடிக்க ஏலாது."

இரண்டு பேரும் அப்படியே நின்றிருக்கிறார்கள். கவுண்டரில் நின்றவர்களில் ஒருவர் போய்விட்டார். கடைசியில் நானாவுக்கு ஹலோ வந்தது. அந்தப் பக்கமிருந்து ஒரு பெண், வயதானவள் அல்ல, இளமையும் அல்ல, லைன் கட்டாகிவிட்டது என்று தானும் நினைத்ததாகச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். நானா, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சோறு வடிக்கிறேன் என்றாள். அவ்வளவுதான் கதை. நானாவுக்கு அது போதும்.

முகத்துவாரத்தில் வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பார்சல் செய்து துறைமுகத்தில் வேலைசெய்பவர்களுக்கு அனுப்பும் அக்கா அவர் என்று பிறகு அவரே எழுதினார். ஓடர் எல்லாம் எழுத்தில்தான் எடுப்பார். போன் அடித்தால் எடுக்க மாட்டார். அதனாலேயே சில வாடிக்கையாளர்கள் போய்விட்டார்களாம். குழுவில் வொய்ஸ் போட அவருக்கு ஏலாது, ஆசையுமில்லை. கேட்பதற்கு மட்டும்தான் வந்திருக்கிறார்.

அவரை உள்ளே எடுத்தோம். நான் குழுவில் எழுதினேன்: இவர் ஓர் அக்கா, நானா கதைத்திருக்கிறார், எங்களில் ஒருவர், இப்போதைக்குக் கேட்க மட்டும் இருப்பார். விதியையும் மாற்றினோம். பெயர் வேண்டாம். எங்களில் ஒருவர் புதியவரோடு போனில் கதைப்பார், வரும்வரைக்கும் காத்திருப்பார், பிறகு அவருக்குப் பொறுப்பு நிற்பார்.

பலர் சந்தோஷப்பட்டார்கள். ஐயா ஒரு வரி எழுதினார். அவர் எழுதியதை நாங்கள் அதற்கு முன் கண்டதேயில்லை. "கேட்க மட்டும் இருந்த ஒருவரால்தான் எனக்கு நடந்தது. முடிவு உங்களுடையது." அன்றோடு அவருடைய குரல் நின்றது.

ஒரு கிழமை போயிற்று, இரண்டு கிழமை போயிற்று. குழு சப்பென்று ஆகிவிட்டது. மற்றவர்களும் சுருக்கமாக, வணக்கம், சுகம் என்று போட்டார்கள். லாச்சியைத் திறந்து பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. முன்பு ஏதாவது வந்துவிடுமோ என்று பார்த்தேன். இப்போது எதுவும் வராதோ என்று பார்த்தேன். அரிப்பு அதேதான்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் முகத்துவாரத்துக்குப் போனேன். அக்காவே வரச்சொல்லி எழுதியிருந்தார். துறைமுகத்துக் கிரேன்கள் கூரைகளுக்கு மேலே தெரியும் ஒரு ஒடுங்கிய பாதையில் வீடு. வாசலிலேயே பெரிய சட்டிகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். என்னை, சிங்களத்தில் தங்கச்சியை அழைப்பதுபோல, நங்கி என்றார். அந்தச் சொல் அவருக்குத் தடையில்லாமல் வந்தது. மற்றவற்றுக்கு இருவரும் காத்திருந்தோம். தேநீர் ஆறிப்போயிற்று. யாருக்கும் அவசரமில்லை.

வேலை தேடும் ஒரு குழுவில் யாரோ எங்கள் இணைப்பைப் போட்டிருந்தார்களாம். கொன்னைக்காரருக்கு ஒரு குழு இருக்கிறது, பார்த்துச் சிரியுங்கள் என்று எழுதி. போயா நாளில் குப்பை எல்லாம் உள்ளே வந்ததும் அதே இணைப்பால்தான். நானும் நானாவும் அந்த வழியை எப்படி அடைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரம், அதே வழியால் இந்த அக்கா வந்து கதவில் நின்றிருக்கிறார்.

மூன்று தரம் நீக்கினோமே, கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.

"கோவம் வந்திச்சு," என்றார். "ஆனா நங்கி, சின்னதுல இருந்து நான் ஒராள்தான் இப்பிடி எண்டு நெனச்சிக்கிட்டு இருந்தேன். ஸ்கூல்ல, சேர்ச்சுல, இந்த லேன்ல, என்னய மாதிரிக் கதைக்கிற ஒருத்தரயும் நான் கேட்டதில்ல. உங்கட குரூப்ல மொத நாள் கேட்டிட்டு, வெங்காயம் வெட்டுறத நிப்பாட்டிட்டு இருந்தேன்."

சமைக்கும்போது போனைத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்பாராம். கை இரண்டும் வேலையில், காதுக்கு வேலையில்லை. அதனால்தான் எதையும் கடைசிவரைக்கும் கேட்க முடிந்திருக்கிறது.

பிறகு கேட்டார். "அந்தக் காணி அளக்கிற ஐயா ஏன் இப்ப கதைக்கிறதில்ல? சொகமில்லையா?"

பொய் சொல்லியிருக்கலாம். சுகமில்லை என்ற சொல் எனக்குத் தடையில்லாமல் வரும் சொற்களில் ஒன்று. ஆனால் அவர் இவ்வளவு தூரம் காத்திருந்து வந்தவர். வீடியோவின் கதையைச் சொன்னேன். ஐயா எழுதிய வரியையும் சொன்னேன். அக்கா எழுந்து போய், ஏற்கெனவே கழுவியிருந்த ஒரு சட்டியை எடுத்துத் திரும்பக் கழுவினார். நான் கிளம்பும்போது மாசிக் கருவாட்டுச் சம்பல் ஒரு போத்தல் தந்தார்.

பஸ் புறக்கோட்டைக்கு வருவதற்குள் போனைப் பார்த்தேன். அக்கா குழுவிலிருந்து விலகியிருந்தார். இந்தத் தடவை நாங்கள் நீக்கவில்லை.

பஸ்ஸுக்குள் இருக்க முடியாமல் இறங்கிவிட்டேன். நானாவின் கடைக்குப் போனேன். அவர் ஒரு வாடிக்கையாளருக்கு வயர் அளந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அளவு மறந்து திரும்ப முதலிலிருந்து அளந்தார். அவங்க போய்ட்டாங்க, ஐயா இனிக் கதைப்பார், பிரச்சினை தீர்ந்தது என்று சொல்ல வாயெடுத்தார் என்று நினைக்கிறேன். பாதியில் விட்டுவிட்டார். அது சொல் மாட்டிக்கொண்டதா, அவரே விட்டாரா என்று எனக்குத் தெரியாது. "நீங்க ஐயாட்டப் போங்க," என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை ஐயாவின் வீட்டுக்குப் போனேன். மனைவி பிஸ்கட் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். சுவரில் பழைய வரைபடம் ஒன்று கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. ஐயா சாரமும் பனியனுமாக இருந்தவர் என்னைக் கண்டதும் சேர்ட் போட்டுக்கொண்டு வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். உங்களுக்காகத்தான் விலகினார் என்று சொல்லவில்லை. சமையல், எண்ணெய்ப் போத்தல், வெங்காயம், அதை மட்டும் சொன்னேன். சொல்லி முடிக்க நெடுநேரம் எடுத்தது. அவர் ஒரு சொல்லையும் முடித்துத் தரவில்லை.

"பிள்ளை, அவ நல்ல மனுசிதான்," என்றார். "நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா நான் கதைக்கேக்க அது ஆருடைய காதுக்குள்ள போகுது எண்டு எனக்குத் தெரிய வேணும். என்ர மகன் அதை அனுப்பின நாளிலையிருந்து எனக்கு அப்பிடி."

"அவவுக்கு வொய்ஸ் போட ஏலாது ஐயா."

"போடத் தேவையில்ல. கேட்டன் எண்டு ஏதோ ஒரு விதத்தில காட்டட்டும். இருட்டுக்குள்ள நிண்டு கேக்கிற மாதிரி இருக்கக்கூடாது. அவ்வளவுதான்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார், "எனக்குப் பயம் போகாது. அதை நீங்கள் ஒரு விதி போட்டுப் போக்க ஏலாது."

நான் அதை அக்காவுக்கு அப்படியே எழுதினேன். பயம் போகாது என்று சொன்னதையும் சேர்த்து. பதில் வரவில்லை. நான் திரும்பக் கேட்கவுமில்லை. அந்த நாட்களில் நான் வேலையில் இரண்டு பில்களை மாற்றிப் பதிந்து மேலாளரிடம் ஏச்சு வாங்கினேன்.

ஒரு புதன்கிழமை அந்த மஞ்சள் ரோஜா அனுமதி கேட்டது. நான் உடனே அழுத்தினேன். இந்த முறை பெயர் இருந்த இடத்தில் புள்ளி இல்லை, அவருடைய பெயரே எழுத்தில் இருந்தது. ஐயாவுக்குத் தனியாக எழுதினேன், வந்திருக்கிறார் என்று. இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை ஐயா வொய்ஸ் போட்டார். வயல்வெளி ஒன்றில் எல்லைக்கு நட்டிருந்த சிவப்புக் கொடிகளை எருமை ஒன்று தின்றுவிட்ட கதை. ஏழு நிமிடம். எருமை என்ற சொல்லில் மட்டும் ஒரு நிமிடம் போயிருக்கும்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. தாச்சிச் சட்டி நிறைய, இனிப்பும் புளிப்புமான கத்தரிக்காய் மோஜு, பக்கத்தில் எண்ணெய்ப் போத்தல். கீழே ஒரு சொல்லும் இல்லை. ஐயாவின் வொய்ஸைக் கேட்டுக்கொண்டு செய்தது அது என்று எல்லோருக்கும் விளங்கிற்று. அலுவலகத்தில் லாச்சிக்குள் குனிந்து அந்தப் படத்தைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைப் பெண்ணுக்கு இனிச் சந்தேகமே இருந்திருக்காது.

அதிலிருந்து ஒவ்வொரு வொய்ஸுக்கும் ஒரு படம் வரத் தொடங்கியது. ஐயாவுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். பருப்பு, சூரை மீன் கறி, பொலஸ் என்ற பிஞ்சுப் பலாக்காய்க் கறி, கங்குன் கீரை. யாராவது அழுதுகொண்டு வொய்ஸ் போட்டாலும் கீழே ஒரு சட்டி வரும். ஐயா முன்போல நீளமாகவே கதைக்கிறார், ஆனால் சில பெயர்களை, ஊர்களை விட்டுவிட்டுச் சொல்கிறார். அதை நான் கவனித்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

நானாவின் கடையில் இப்போது மத்தியானச் சாப்பாடு முகத்துவாரத்திலிருந்துதான் வருகிறது. இறைச்சிக்கு ஹலால் பார்க்க வேண்டும், அதனால் மீன் நாட்களில் மட்டும்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், நான் போனில் கதைத்து, காத்திருந்து, பொறுப்பு நின்று உள்ளே எடுத்தவர், குழுவில் எழுதினார். இது சமையல் குழுவா, படம் வந்து வந்து போன் நிறைகிறது, இதுவும் ஒருவகைக் குப்பைதானே என்று. இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். நானா ஐயாவின் வொய்ஸுக்கு மட்டும் படம் போடலாம் என்று ஒரு விதி எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். வேண்டாம் என்றேன். புதியவருக்கு என்ன சொல்வது என்று கேட்டார். அவரும் புதுசா வந்தவர்தானே, அவரையும் முகம் முறிக்க ஏலாது என்றார். அதுவும் சரிதான். மூன்று நாளாக நாங்கள் இருவரும் எழுத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறோம். அக்கா அதற்கிடையில் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி அனுப்பத் தொடங்கியிருக்கிறார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது அனுமதி கேட்டு இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் மட்டக்களப்பிலிருந்து, யாரோ சொல்லி வந்தவர். மற்றது வெளிநாட்டு எண், படமில்லை, பெயருமில்லை. நானா மறுத்துவிடுங்கள் என்கிறார். நாளைக்கு மத்தியான இடைவேளையில் படிக்கட்டில் நின்று அந்த எண்ணுக்குப் போன் எடுத்துக் கதைப்பதாக நான் சொல்லியிருக்கிறேன். இன்னும் எடுக்கவில்லை, இப்போதே கை வியர்க்கிறது.